பூண்டு உரிப்பது யார் வேலை?

தெலங்கானாவில் 2023 டிசம்பர் 9 அன்று மகாலட்சுமி திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண்களும் சிறுமியரும் திருநங்கையரும் மாநிலமெங்கும் 'பல்லெ வெலுகு', எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும், ஐதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரங்களில் சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும் கட்டணமின்றிச் செல்லலாம். அன்று தொடங்கிய ஏளனம் இன்றுவரை ஓயவில்லை. இருக்கைக்காகப் பெண்கள் சண்டையிடும் காணொளிகள் கைபேசி தோறும் சுற்றின. வேலைவெட்டி இல்லாதவர்கள் ஊர்சுற்றக் கிளம்பிவிட்டார்கள் என்ற வசையும் கூடவே வந்தது. 2024இல் இவற்றோடு இன்னொரு காணொளி சேர்ந்துகொண்டது: ஓடும் பேருந்தில் அமர்ந்து பெண்கள் பூண்டு உரிக்கிறார்கள்.

பேருந்தில் பூண்டு உரித்தால் என்ன தவறு என்று அமைச்சர் சீதக்கா கேட்டார். ஆகஸ்ட் மாதத்தில் பாரத் ராஷ்டிர சமிதியின் செயல் தலைவர் கே.டி. ராமாராவ் அதற்குப் பதில் சொல்ல முற்பட்டார். பேருந்துகளைக் கூட்டுங்கள், பிறகு அவர்கள் பூண்டு உரிக்கட்டும், பிரேக் டான்சும் ரிக்கார்டு டான்சும் கூட ஆடட்டும் என்ற பொருளில் அவர் பேசினார். கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தார். மாநில மகளிர் ஆணையம் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது. அத்துடன் விவகாரம் முடிந்ததாக ஏடுகள் முடிவு கட்டின.

விவகாரம் அங்கு முடியவில்லை. உண்மையில் தொடங்கவே இல்லை. ஏளனம் செய்தவர், ஆதரித்தவர் இருவருக்கும் ஒரு செய்தியில் கருத்து வேறுபாடு கிடையாது: பூண்டு பெண்ணுடையது. வீட்டில் உரிப்பதா, பேருந்தில் உரிப்பதா என்பது மட்டுமே வழக்கு. வேலைக்குப் போய்த் திரும்புகிறவள் இருக்கை கிடைத்த அரைமணி நேரத்தையும் அடுத்த வேளைக் குழம்புக்கு ஏன் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி சட்டமன்றத்திலும் எழவில்லை, தொலைக்காட்சி விவாதங்களிலும் எழவில்லை. அதே பேருந்தில் ஆண் கண்ணயர்கிறான், நாளேடு படிக்கிறான், கைபேசியில் படம் பார்க்கிறான். அதைக் காணொளியாக எடுத்துப் பரப்புவோர் இல்லை. ஓய்வு அவனுக்கு இயல்பு என்றும், அவளுக்கு உல்லாசம் என்றும் சமூகம் வகுத்து வைத்திருக்கிறது.

இந்த வகுப்பு வெறும் மனப்போக்கு அன்று. நிமிடக் கணக்கில் அளக்கத்தக்கது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்த 88 நிமிடத்தைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். ஏதேனும் ஒரு வீட்டுவேலையைத் தொட்ட ஆண்களின் சராசரி அது. அத்தகையோர் நூற்றுக்கு 27 பேரளவே. பெண்களில் இது நூற்றுக்கு 81 பேருக்கு மேல். 2019 கணக்கெடுப்பில் இந்த நிமிடங்கள் முறையே 299, 97. ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணோ ஒன்பது நிமிடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்!

செகந்திராபாத்தின் ஜூபிலி பேருந்து நிலையத்திலும், ரயில் நிலையத்தை ஒட்டிய ரேத்திபைல் நிறுத்தத்திலும் காலை வேளையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஊர்சுற்றிகள் யார் என்பது விளங்கும். மோண்டா மார்க்கெட்டில் காய்கறி எடுத்து விற்கச் செல்பவர்கள், அட்டகுட்டாவிலிருந்து சைனிக்புரிக்கு வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், ஜீடிமெட்லா ஆலைகளுக்கும் மருத்துவமனைத் துப்புரவுக்கும் விரைபவர்கள். தன் வீட்டில் ஒருமுறை சமைத்து, பிறர் வீட்டில் இரண்டாம் முறை பாத்திரம் கழுவி, மாலையில் மீண்டும் தன் அடுப்புக்குத் திரும்புகிறவளின் பயணத்தை 'ஓசி' என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது? 2022இல் தமிழ்நாட்டில் ஓர் அமைச்சரே அச்சொல்லைப் பயன்படுத்தினார் என்பதால், இதைத் தெலங்கானாவின் தனி நோயாகக் கருதவும் இடமில்லை. திட்டத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். பேருந்தில் ஏறும் தொழிலாளியைக்கூட வீட்டை விளங்கச் செய்யும் திருமகளாகத்தான் அரசு அழைக்கிறது.

பெருமுதலாளிகளின் எரிச்சலுக்குக் காரணம் வேறு. ஐதராபாத் மெட்ரோவை இயக்கிவந்த எல் அண்ட் டி நிறுவனத்தின் உயர் அலுவலர், இலவசப் பேருந்தினால் மெட்ரோவுக்குப் பயணிகள் குறைகிறார்கள் என்று 2024 மே மாதம் முறையிட்டார். தேர்தல் களத்திலிருந்த பிரதமரும் அதே மாதம் அதே குறையைப் பாடினார். 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரம் 90 மணி நேர உழைப்பை வலியுறுத்திப் பேசிய காணொளி வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அதில் அவர் கேட்டிருந்தார். நாடே சிரித்தது, சிரித்துவிட்டு மறந்தது. அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 90 மணி நேரம் உழைக்கும் ஆணுக்குச் சோறு ஆக்க, துணி துவைக்க, அவன் பிள்ளையை வளர்க்க, பெற்றோரைப் பேண, கூலி கேட்காத ஓர் உழைப்பாளி வீட்டில் இருக்கிறாள் என்பதே அந்தக் கணக்கு. அவளது 289 நிமிடங்கள் இல்லாமல் அவனது 90 மணி நேரம் இல்லை. மூலதனம் ஒரு கூலிக்கு இருவரை வாங்குகிறது. வீட்டில் ஆண் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவர் இயல்பாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆட்டோ ஓட்டுநர்களின் நிலை இதனினும் சிக்கலானது. இத்திட்டத்தால் அவர்களது வருமானம் சரிந்தது மெய். ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருவதாகக் காங்கிரஸ் அளித்த வாக்குறுதிக்காக அவர்கள் போராடியதும் நியாயமே. 2024 டிசம்பரில் பி.ஆர்.எஸ். சட்டமன்ற உறுப்பினர்கள் காக்கிச் சட்டை அணிந்து ஆட்டோக்களில் அவைக்கு வந்தார்கள். தங்கள் ஆட்சியில் 2019இல் போக்குவரத்துத் தொழிலாளர்களின் 52 நாள் வேலைநிறுத்தத்தை நசுக்க முயன்றவர்கள் அணிந்த காக்கி அது. அந்த வேடத்தை அறிந்துகொள்வது எளிது. இடதுசாரித் தொழிற்சங்க அணிகளிலும் அவ்வப்போது கேட்கும் முணுமுணுப்பை எதிர்கொள்வதுதான் கடினம்: பெண்களுக்கு இலவசம் கொடுத்து ஆண்களின் வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்பது. ஆட்டோ ஓட்டுநரின் வயிற்றில் அடிப்பது கடன் வட்டி, எரிபொருள் விலை, தரகு பறிக்கும் செயலி நிறுவனங்கள். சமூகப் பாதுகாப்பு கேட்டு அரசிடம் நீள வேண்டிய விரல், பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணை நோக்கி நீள்கிறது. அவரது மனைவியும் மகளும் அதே பேருந்தில்தான் வருகிறார்கள். மிச்சமாகும் கட்டணம் அதே வீட்டு உலையில்தான் விழுகிறது.

இவ்விடத்தில் இயக்கத்தின் சொந்தக் கணக்கையும் புரட்டியாக வேண்டும். பொது உணவகமும் குழந்தைக் காப்பகமும் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று லெனின் 1919இலேயே எழுதினார். மனைவி வீட்டுவேலையில் தேய்ந்து அழிவதைக் கைகட்டிப் பார்த்திருக்கும் தோழர்களைப் பற்றி கிளாரா ஜெட்கினிடம் மனம் நொந்து பேசினார். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் துப்பாக்கி ஏந்தியும் தூது சுமந்தும் நின்ற பெண்கள், 1951இல் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டதும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட கசப்பைப் பின்னாளில் வாய்திறந்து சொன்னார்கள். ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா அவற்றைத் திரட்டி 1986இல் தெலுங்கில் நூலாக்கியது. அந்நூலைப் பாராட்டாத தோழர் இல்லை. அதைப் படித்த பின்னும் கிளைக் கூட்டம் மாலை ஏழு மணிக்கே கூடுகிறது. அது உலை வைக்கும் நேரம். பெண் தோழர்கள் வருவதில்லை என்ற குறை அறிக்கைதோறும் பதிவாகிறது.

கட்டணமில்லாப் பயணம் பெண்ணின் பணத்தை மீட்டுத் தந்திருக்கிறது. நேரத்தை இன்னும் மீட்கவில்லை. கூடுதல் பேருந்துகளும் கூடுதல் நடத்துநர் நியமனங்களும், ஆட்டோ ஓட்டுநர்களுக்கான நல வாரியமும் உடனடிக் கோரிக்கைகள். அவற்றோடு அங்கன்வாடிகள் மாலைவரை இயங்கும் முழுநாள் காப்பகங்களாக வேண்டும். மலிவு உணவகங்களில் இரவு உணவும் கிடைக்க வேண்டும். இவை அரசிடம் கேட்க வேண்டியவை. கூட்ட நேரத்தை மாற்றவும், கூட்டத்துக்கு முன் வீட்டில் பூண்டு உரித்து வைக்கவும் எந்த அரசின் ஆணையும் தேவையில்லை.