கால்குலேட்டரை மூடுங்க சாமி!

போன மாதம் பி.காம். நண்பர்கள் 13 பேர் கொல்லிமலை போனோம். வேன் வாடகை 8,500 ரூபாய். கணக்குப்பிள்ளை வேலை வழக்கம்போல அடியேன் தலையில். நோட்பேடில் பெயர்ப் பட்டியல், பக்கத்தில் கால்குலேட்டர். அது காட்டியது 653.85, அதாவது தலைக்கு 654. நோட்பேடுக்குத் திரும்பி வந்து 645 என்று அடித்துத் தொலைத்தேன். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பக்கத்தில் வேன்காரரிடம் எண்ணிக் கொடுக்கும்போதுதான் 115 ரூபாய் துண்டு விழுந்தது தெரிந்தது. இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்று டிரையல் பேலன்ஸில் படித்தவன்தான் நான். படித்து என்ன?

ஒரு ஜன்னலில் கணக்குப் போட்டு இன்னொரு ஜன்னலில் கையால் அடி என்றால் இப்படித்தான் ஆகும். காந்தி மார்க்கெட் மளிகைக்கடை அண்ணாச்சியைப் பாருங்கள். சாமான் எழுதிய சீட்டிலேயே கூட்டிப் போடுவார். தப்பென்றால் அதே சீட்டைக் காட்டிச் சண்டை போடலாம்.

"அதுக்குத்தான் எக்செல் இருக்கே" என்று கிளம்பி வருவீர்கள். மூன்று வரிக் கணக்குக்கா? சரி, 'டிரைவர் பேட்டா வாடகையில் சேர்த்தி, டோல் தனி' என்று பேசியதை எந்தக் கட்டத்தில் போடுவது? கணக்கு வேண்டியது பேச்சுக்கு நடுவில்.

புது விஷயமும் இல்லை. விம் எடிட்டரில் எழுதிக்கொண்டே கன்ட்ரோல்-ஆர், சமக்குறி, கணக்கு, என்டர். விடை அங்கேயே விழும். ஈமேக்ஸில் 'கால்க்' உள்ளேயே இருக்கிறது. நம்ம நோட்பேடுக்கு 2024-ல் ஸ்பெல் செக் வந்தது, பிறகு எழுதித் தர ஏஐ வந்தது. கூட்டல் மட்டும் வரவில்லை!

அதற்காக விம் கோஷ்டிக்கு ஜே போட மாட்டேன். அதில் 8500/13 என்று அடித்தால் 653 என்கும், பைசாவைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு. அப்போதும் 11 ரூபாய் என் பாக்கெட்டிலிருந்துதான். 8500.0 என்று புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். ஈமேக்ஸ் கால்க் இன்னொரு ரகம். 100/2*5 என்றால் 250 இல்லையாம், 10-ஆம். பெருக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் வகுக்கும்.

இதைவிடக் கடுப்பு, விம் விடையை மட்டும் வைத்துவிட்டுக் கணக்கை விட்டுவிடுவது. வவுச்சர் இல்லாத என்ட்ரி மாதிரி. எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? 2024-ல் ஆப்பிள் நோட்ஸில் வந்ததுதான் சரி. சமக்குறி போட்டால் விடை வரும், கணக்கும் பக்கத்திலேயே நிற்கும். நம்ம கையில் ஐபோன் இல்லை என்பது வேறு விஷயம் :-)

அந்த 12 பேரில் யாராவது இதைப் படித்தால், ஆளுக்கு 9 ரூபாய் பாக்கி இருக்கிறது.