பின்வளவில் ஒரு பாத்தி

ஊரில் மாசி, பங்குனி என்றால் வெயில் ஏறத் தொடங்கும் காலம். இங்கே மெல்பேர்ணில் அது கோடை விடைபெறும் காலம். வடக்குக் காற்றின் சூடு தணிந்து காலையில் இலேசான குளிர் தட்டுப்படும் இந்த நாட்களில்தான் எங்கள் ட்ருகனினா வீட்டுத் தோட்டங்களில் செவ்வந்தியும் சீனியாவும் நிறைந்து பூக்கின்றன. தக்காளி கடைசிச் சுற்றாகக் காய்க்கிறது. மிளகாய் சிவக்கிறது. அத்தியும் கொடித்தோடையும் பழுக்கின்றன.

ஆனால் இவை எத்தனை வீடுகளில் இருக்கின்றன? புதிய குடியிருப்புகளில் காணியே சிறிது. வீடு கட்டி முடிந்ததும் முன்பக்கம் கல்லும் பின்பக்கம் கொங்கிறீற்றும் போட்டு விடுகிறோம். "வேலைக்குப் போய் வருகிற எங்களுக்குத் தோட்டம் பார்க்க எங்கே நேரம்? தக்காளிதானே, கடையில் வாங்கலாம்" என்று சொல்பவர்கள் பலர். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

2018இல் அப்பா காலமான பின்னர் அம்மா எங்களுடன் வந்து சேர்ந்தார். நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, யன்னலோரம் இருந்து ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலமும் குறைவு. நீரிழிவு வேறு. வைத்தியர் நடக்கச் சொன்னார். "ஆரோடை நடக்கிறது?" என்று அம்மா கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த வருடம்தான் பின்வளவுக்குக் கொங்கிறீற் போட நாள் குறித்திருந்தோம். அப்போது அம்மா, "தம்பி, உந்த மூலையை மட்டும் விடடா" என்றார். மூன்று மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம். அவர் எங்களிடம் கேட்ட முதல் பொருள் அது என்பதால் விட்டேன்.

முதல் வருடம் தோல்விதான். மெல்பேர்ணின் மேற்குப் பகுதி பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. களிமண் மழையில் காலில் ஒட்டும், கோடையில் வெடித்துப் பிளக்கும். கிழக்குப் பகுதியைவிட மழையும் குறைவு. அடுத்த வருடம் ஜிப்சமும் கூட்டெருவும் கலந்து பாத்தியை உயர்த்தி, மேலே வைக்கோல் பரப்பினோம். தக்காளி, கத்தரி, மிளகாய், ஓரத்தில் செவ்வந்தி எல்லாம் பிடித்துக்கொண்டன.

அந்த மாசியில் நான் கணக்குப் பார்த்தேன். கன்று, பசளை, தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டினால், எங்கள் தக்காளி கடைத் தக்காளியைவிட விலை கூடியது. இதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கணக்கு எங்கே பிழைத்தது என்று விளங்க எனக்கு இன்னும் சில மாதங்கள் சென்றன.

அந்தக் கணக்கில் நான் சேர்க்காதவை பல. அம்மா தினமும் விடிய எழுந்து வெளியே போனார். குனிந்தார், நிமிர்ந்தார், வாளி தூக்கினார். வேலிக்கு அப்பால் இருந்த பஞ்சாபிப் பாட்டி ஒருவருடன், பொது மொழி எதுவும் இல்லாமலே, மிளகாய் கொடுத்து வெந்தயக் கீரை வாங்கினார். மரக்கறி என்றால் முகம் சுளிக்கும் என் மகள், அப்பம்மாவுடன் பறித்த சின்னத் தக்காளியைக் கழுவியபடியே வாயில் போட்டாள். இவற்றுக்கு எந்தக் கடையில் விலை போட்டிருக்கிறார்கள்?

முதியோர் உட்பட வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல். தோட்டவேலையும் அதில் சேரும். 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், மன அழுத்தம் தரும் வேலையொன்றின் பின் அரை மணி நேரம் தோட்டத்தில் செலவிட்டவர்களுக்கு, உள்ளே இருந்து வாசித்தவர்களைவிடக் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் அதிகம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வேலை முடிந்து வந்து பாத்திக்குத் தண்ணீர் விடும் எவருக்கும் அது புதுச் செய்தி அல்ல.

தெற்காசியர்களாகிய எமக்கு, மற்றவர்களைவிடக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு வரும் அபாயம் உண்டு. தோட்டம் அதற்கு மருந்து அல்ல. மாத்திரையையும் பரிசோதனையையும் விடக்கூடாது. வீட்டில் பழுத்தது என்பதற்காக அத்திப்பழத்தைக் கிண்ணம் நிறையச் சாப்பிடவும் கூடாது. ஒன்றிரண்டு போதும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஊர்ப் பழக்கத்தில் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்காதீர்கள். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கு முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். பொதி மண்ணில் லெஜியொனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி இருக்கக்கூடும். பையை முகத்துக்கு எட்ட வைத்துத் திறந்து, மண்ணை நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். பிறகு கை கழுவுங்கள். கையுறை செம்முதுகுச் சிலந்தியிடமிருந்தும் காக்கும். விக்டோரியாவில் ஏப்ரல் முடியும்வரை புற ஊதாக் கதிர் கடுமையானது. எனவே தொப்பியும் சூரியக் களிம்பும் வேண்டும். நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். பழமரத்துக்கு வலை போடுவோர், 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையையே பாவிக்க வேண்டும் என்பது 2021 செப்டெம்பர் முதல் சட்டம். வௌவால்களும் பறவைகளும் சிக்கி இறக்காமல் இருப்பதற்காக வந்த விதி இது. விரல் நுழையும் வலை என்றால் அது கூடாது.

"மரக்கறி சரி, பூ எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. பூ இருந்தால் தேனீ வரும். தேனீ வந்தால் பூசணி காய்க்கும். அதைவிட, காலையில் சுவாமிக்கு வைக்க நாலு பூப் பறிக்கக் கிடைப்பது, ஊரை விட்டு வந்த ஒரு தாய்க்குச் சிறிய விடயம் அல்ல. இந்த மண்ணில் பூ வராது என்று எண்ண வேண்டாம். எங்கள் ட்ருகனினா மயானத்தின் புல்வெளியில், அருகிவரும் 'பட்டன் ரிங்கிள்வோர்ட்' என்ற மஞ்சள் பூச்செடி இதே களிமண்ணில் வேர்விட்டுக் கோடையில் பூக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கொங்கிறீற் போட நினைத்திருப்பவர்கள் ஒரு மூலையை விடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நாலு பூந்தொட்டி போதும். குளிர்காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை வடக்குப் பார்த்த சுவரோரம் நகர்த்தினால் சரி. அந்தப் பாத்திக்கு வீட்டில் உள்ள மூத்தவரைப் பொறுப்பாக்குங்கள். எங்கள் வீடுகளில் அவர்களுக்கு எல்லாவற்றையும் நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம்: தொலைபேசி, பஸ், வைத்தியரிடம் என்ன சொல்வது என்பதெல்லாம். அவர்கள் எங்களுக்குச் சொல்லித் தர ஒரு இடமாவது இருக்கட்டும்.

கோடை முடிகிறதே என்று காத்திருக்கவும் தேவையில்லை. வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் கொத்தமல்லி, இனி வரும் குளிரில் நின்று தழைக்கும். உள்ளியும் கீரையும் நடலாம். எங்கள் வீட்டில் அம்மா மிளகாய் விதையைக் கடதாசியில் காய வைத்துவிட்டார். வேலிக்கு அப்பாலும் ஒரு பொட்டலம் போகும்.