பாலைப் போர் விளையாட்டு: நிறையும் குறையும்

கணினி விளையாட்டைப் பற்றி ஒரு கல்லூரி ஆசிரியன் எழுதப் புகுவதைக் கண்டு பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும் விளையாட்டை ஆராய்வது நம் மரபுக்குப் புறம்பானதன்று. திண்ணையிலே கரிக்கோடு கிழித்து, 3 புலிகளையும் 15 ஆடுகளையும் வைத்து நம் பாட்டன்மார் ஆடிய ஆடுபுலி ஆட்டம் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தனித்து நின்ற ஆடு வெட்டுண்ணும். சேர்ந்து நின்ற ஆடுகள் புலியையே அடைத்துவிடும். இந்த உண்மையை ஏட்டின் துணையின்றியே அந்த ஆட்டம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. ஒவ்வோர் ஆட்டமும் உலகத்தை ஒரு வகையாகப் பார்க்கப் பழக்குகின்றது. ஆதலால், நம் பிள்ளைகள் எதனை ஆடுகின்றார்கள் என்பதோடு, அந்த ஆட்டம் அவர்களுக்கு எத்தகைய பார்வையைக் கொடுக்கின்றது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

பாலைநிலத்தைக் களமாகக் கொண்ட போர் விளையாட்டு ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ‘டியூன் 2’. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இயங்கிய வெஸ்ட்வுட் ஸ்ரூடியோஸ் என்னும் நிறுவனம் ஆக்கிய இவ்விளையாட்டு 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. சதுரங்கத்திலே ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதிலோ காத்திருத்தல் என்பதே இல்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் எதிரி கட்டுகின்றான், திரட்டுகின்றான், புறப்பட்டும் விடுகின்றான். இவ்வகையினை நிகழ்நேர வியூக விளையாட்டு என்பர். இதற்கு முன்னும் இத்தகைய முயற்சிகள் சில இருந்தன. எனினும், வளந்திரட்டல், கட்டடம் அமைத்தல், படை ஆக்கல், போரிடல் ஆகிய நான்கினையும் ஓர் ஒழுங்கிலே கோத்து, பின்வந்தோர் பின்பற்றத்தக்க இலக்கணத்தை வகுத்தது இதுவே எனலாம். 1994இல் வந்த ‘வோர்கிராப்ட்’, 1995இல் வெஸ்ட்வுட் நிறுவனமே ஆக்கிய ‘கொமாண்ட் அண்ட் கொங்கர்’ முதலியன இதன் வழித்தோன்றல்களே.

இதன் களம், பிராங்க் ஹேர்பேட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1965இல் நூலாக வெளியிட்ட ‘டியூன்’ நாவலிலிருந்து பெறப்பட்டது. அராக்கிஸ் என்பது மழை அறியாத மணற்கோள். உலகங்கள் அனைத்தும் வேண்டிநிற்கும் ஒரு வாசனைச் சரக்கு அங்கே மட்டுமே விளைகின்றது. அதனைக் கைப்பற்ற அட்ரெய்டிஸ், ஹார்க்கோனன், ஓர்டோஸ் என்னும் மூன்று குலங்கள் பொருதுகின்றன. ஆடுபவர் அவற்றுள் ஒன்றன் தளபதியாவார். நாவலாசிரியர் அச்சரக்குக்குக் கொடுத்த மணம் கறுவாவின் மணமாகும். இலங்கையராகிய நாம் இதனை மனத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இவ்விடத்துக்கு மீள்வோம்.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். அத்திவாரத்தின் அருமையை இவ்விளையாட்டு நன்கு உணர்த்துகின்றது. அராக்கிஸில் மணலின்மேற் கட்டடம் எழுப்ப இயலாது. பாறை நிலத்திலேதான் இயலும். பாறையிலுங்கூட, முதலிலே தளக்கல் பரப்பாது அவசரப்பட்டுக் கட்டினால், கட்டடம் குறைந்த உறுதியோடே எழும். காற்றுப்பொறிகள் போதாவிடின் மின்வலு குன்றும். கிடங்கு இல்லாவிடின், அள்ளிவந்த சரக்கு வீணாகும். போர் மூளுமுன்னரே வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. திருக்குறளின் பொருட்பாலிலே நாடு, அரண், பொருள்செயல்வகை ஆகிய அதிகாரங்களுக்குப் பின்னரே படைமாட்சி வைக்கப்பட்டிருப்பதை மாணாக்கர் அறிவர். அந்த வரிசையின் பொருத்தத்தைத் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்வதற்கு இவ்வாட்டம் ஒரு வாய்ப்பு.

ஆசையையும் அச்சத்தையும் ஒரே தராசில் நிறுக்கப் பழக்குவதும் ஒரு நிறையே. சரக்கை அள்ளுவது அறுவடை வண்டி என்னும் பெரிய ஊர்தி. அருகிலுள்ள சரக்கு தீர்ந்ததும் அது தளத்தைவிட்டு வெகுதூரம் செல்ல நேரிடும். மணலுக்கடியிலோ மணற்புழு என்னும் பெரும்பூதம் திரிகின்றது. வண்டியை முழுதாக விழுங்கிவிடும். போகாவிட்டாற் பொருளில்லை, போனால் வண்டியில்லை. இந்த இக்கட்டிலே கணப்பொழுதில் முடிவெடுத்து, அதன் பயனைத் தானே ஏற்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு நன்மை தருவதே.

ஆசிரியன் என்ற முறையில் நான் மெச்சுவது இதன் பாட ஒழுங்கினை. ஒவ்வொரு குலத்துக்கும் 9 கட்டங்கள் உள்ளன. முதற் கட்டத்திலே பெரும்போர் இல்லை. 1,000 பணத்துக்கு ஈடான சரக்கைச் சேர்த்தாற் போதும். கட்டந்தோறும் ஒன்றிரண்டு புதிய கட்டடங்களும் ஊர்திகளும் அறிமுகமாகின்றன. எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் இந்தப் படிமுறையைப் பாடநூல் எழுதுவோரும் கவனிக்கலாம். பிராங்க் கிளெப்பக்கி அமைத்த இசையும், எதிரி அணுகும்போது விறுவிறுப்படைந்து, ஆட்டத்துக்கு உயிரூட்டுகின்றது.

இனிக் குறைகள். ஆட்ட முறையிலுள்ளவை வெளிப்படையானவை. பத்து ஊர்திகளை அனுப்ப வேண்டுமாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே தொட்டுத் தனித்தனியே ஆணையிடல் வேண்டும். கூட்டாகச் செலுத்த வழியில்லை. எதிரிப்படை பெரும்பாலும் ஒரே திசையாலே வந்து ஒரே அரணில் மோதி மடிகின்றது. அதனைக் கண்டுகொண்ட மாணவனுக்குப் பிற்கட்டங்கள் சலிப்பைத் தரும். மூன்று குலங்களுக்கும் இறுதியில் வரும் சில படைக்கலங்களே வேறு. ஏனையவை பெரிதும் ஒன்றே. முன்னோடி நூல்களிலே காணப்படும் குறைகள் போன்றவையே இவை. 1998இல் ‘டியூன் 2000’ என்னும் பெயரில் வந்த மறுவடிவத்திலே படைகளைக் கூட்டாகச் செலுத்தும் வசதி சேர்க்கப்பட்டது.

கருவிக் குறை காலத்தால் தீரும். பார்வைக் குறை அவ்வாறு எளிதில் தீராது. இவ்விளையாட்டின் பாலையிலே சரக்கு உண்டு, வண்டி உண்டு, ஆலை உண்டு, படை உண்டு, உழைப்பவர் இல்லை. அறுவடை வண்டி அழிந்தால் நாம் கணக்கிடுவது இழந்த பணத்தையே. அதனுள் இருந்தவனை எவரும் நினைப்பதில்லை. அராக்கிஸின் பூர்வகுடிகள் பிறீமன் எனப்படுவோர். நாவலிலே கதையின் உயிர்நாடி அவர்களே. விளையாட்டிலோ, அட்ரெய்டிஸ் குலத்தின் மாளிகை இடையிடையே வரவழைக்கும் ஒரு படைக்கலமாக மட்டுமே அவர்கள் தோன்றுகின்றனர். தங்கள் சொந்த மண்ணிலே அவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

இங்கே கறுவாவின் மணத்துக்கு மீள்வோம். 1505இல் பறங்கியர் இத்தீவுக்கு வந்தனர். கறுவா வாணிகம் அவர்களை இங்கே வேரூன்ற வைத்தது. 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் பறங்கியரைத் துரத்தும் பொருட்டு ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1658இல் பறங்கியர் போயினர், ஒல்லாந்தர் போகவில்லை. 1796இல் அவர்களிடமிருந்து கரையோரத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஒரு சரக்கு, மூன்று கொடிகள்! அராக்கிஸின் கதை நமக்குக் கற்பனையன்று; நம் தீவின் வரலாறே மணல் பூசி வந்ததுபோலத் தோன்றுகின்றது. அந்த வரலாற்றைப் பறங்கியத் தளபதியும் ஒல்லாந்தத் தேசாதிபதியும் எழுதிவைத்த ஏடுகளிலே கறுவாப் பொதிகளின் கணக்கு உண்டு. காட்டுக்குட் சென்று பட்டை உரித்தவனின் முதுகுவலிக்குக் கணக்கு உண்டா?

றக்வானைப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வினா இன்னும் நெருக்கமானது. மழை நிறைந்த இம்மலைகளுக்கும் மணற்பாலைக்கும் என்ன தொடர்பு என்று எண்ணற்க. இலங்கை மலைநாட்டிலே முதலிற் பரவிய பெருந்தோட்டப் பயிர் கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வணிக முறையிலே தொடங்கிய தேயிலைப் பயிர் அதனிடத்தைப் பிடித்தது. அந்தக் கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். தாகத்தாலும் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். நம் மக்கள் கடந்த பாலை அதுவே.

‘டியூன் 2’ காட்டும் பாலையிலே தாகம் என்பதே இல்லை என்பது வியப்பானது. நாவலிலே ஒவ்வொரு துளி நீரும் உயிரின் விலை பெறுகின்றது. விளையாட்டிலே படைவீரன் மணலில் எத்தனை நாள் நின்றாலும் நா வறள்வதில்லை. நம் சங்கச் சான்றோர் பாடிய பாலையை நோக்குங்கள். அங்கே வெயிலும் பரற்கற்களும் மட்டுமல்ல, பொருள்தேடிப் பிரிந்தவனும், அவனை எண்ணி வீட்டிலே வாடுபவளும், வழிப்போக்கரும், வழிப்பறி செய்யும் ஆறலை கள்வருங்கூட இருக்கின்றனர். மனிதர் துயரின்றித் தமிழனுக்குப் பாலை என்பதே இல்லை.

அண்மைக்காலப் படைப்பொன்று இக்குறையை ஓரளவு நீக்க முயன்றுள்ளது. பிரான்சு நாட்டின் ஷீரோ கேம்ஸ் நிறுவனம் ஆக்க, 2023இல் முழுமையாக வெளிவந்த ‘டியூன்: ஸ்பைஸ் வோர்ஸ்’ என்பதில் நீர் ஒரு வளமாகக் கணக்கிடப்படுகின்றது. பாலையிலே நெடுந்தூரம் செல்லும் படை உணவும் நீரும் தீர்ந்து நலியும். சிற்றூர்கள் உள்ளன; பிறீமன் மக்களின் தரப்பிலேயே நின்று ஆடவும் இயலும். இவை பாராட்டுக்குரிய முன்னேற்றங்கள். எனினும், அதிலும் உழைக்கும் மக்கள் ‘மனிதவலு’ என்னும் பெயரில் திரையின் மேலோரத்தில் ஏறியிறங்கும் ஓர் எண்ணாகவே நிற்கின்றனர்.

இந்த எண் நமக்குப் புதியதன்று. தோட்டத்துச் செக்ரோலிலும் மனிதர் எண்களாகவே நின்றனர். அட்டை கடிக்கும் மலைச்சரிவிலே நாள் முழுதும் நின்று கொழுந்து பறித்தவளுக்கு, நிறுவையிலே சில கிலோ குறைந்தமையால் ‘அரைப் பேர்’ விழுந்த கதைகளை லயங்களிலே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருக்கின்றனர். அப்பிள்ளை மாலையிலே வீடு சென்று, மலையுச்சிப் பங்களாவின் விறாந்தையிலிருந்து தோட்டத்தைப் பார்க்கும் துரையின் கண்ணோடு அராக்கிஸைப் பார்த்து, இன்னும் இரண்டு அறுவடை வண்டிகளை அனுப்பினால் என்ன என்று கணக்கிடுகின்றது. அக்கணக்குத் தேவையற்றதென்று நான் கூறவில்லை. நாளை ஒரு நிறுவனத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நடத்தப்போகும் பிள்ளைக்கு அக்கணக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆனால், மேலிருந்து பார்க்கும் கண் ஒன்றே கண் என்று அது நம்பிவிடலாகாது. தன் தாயை எண்ணாகக் காண்பதற்கு அது பழகிவிடலாகாது.

ஆகவே பெற்றோருக்கு என் கருத்து இதுதான். இவ்விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. பாடங்கள் முடிந்தபின், அளவான நேரம் ஆடட்டும். ஆனால் ஒருநாளாவது பிள்ளையின் பக்கத்திலே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, திரையைப் பார்த்தவாறே மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்த வண்டியை ஓட்டுபவன் யார்? இந்தச் சரக்கு போகும் இடத்திலே அதன் விலை என்ன? சரக்குத் தீர்ந்தபின் இம்மண்ணிலே எஞ்சியிருப்பவர் யாவர்? விளையாட்டிலே இவற்றுக்கு விடை கிடையாது. வீட்டிலே கிடைக்கும். தாத்தாவோ அப்பாயியோ உயிரோடிருந்தால், பிள்ளையை அவர்களிடம் அனுப்பி, தோட்டத்துக்கு அவர்தம் மூத்தோர் வந்த வழியைக் கேட்டெழுதச் செய்யுங்கள். அதனைக் கேட்டறிந்த பிள்ளை மறுநாளும் அராக்கிஸில் வெற்றி பெறலாம். ஆனால் மணற்புழு ஒரு வண்டியை விழுங்கும்போது, போன பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிராது.