மூச்சை அடக்காதே

ஸ்கூபா டைவிங் செய்ய அந்தமான் போய்வந்தேன் என்று சொன்னால் யாரும் என்னிடம் கடலைப் பற்றிக் கேட்பதில்லை. யாரோடு போனீங்க, வீட்டில் ஒத்துக்கிட்டாங்களா, என்ன டிரெஸ் போட்டீங்க? திருப்பத்தூரில்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் பெண்ணெழுத்து குறித்த ஒரு கருத்தரங்கில், மதிய உணவு வரிசையில் கேட்கப்பட்டவையும் இவைதாம். தமிழ் மட்டும் கொஞ்சம் நாசூக்கானது. என் துறையைச் சேர்ந்த ஓர் ஆண் விரிவுரையாளர் முந்தைய ஆண்டு அதே தீவுக்குப் போய்வந்திருந்தார். அவரிடம் கேட்டார்கள்: “எவ்வளவு ஆச்சு சார்? சுறா பார்த்தீங்களா?”

உடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெட்சூட் என்பது உடலை ஒட்டிக்கிடக்கும் செயற்கை ரப்பர் உடை. நான் போட்டது கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியது. புடவை மறைக்காத இடுப்பையும் அது மறைக்கிறது. ஆகவே பிரச்சினை உடம்பு தெரிவதில் இல்லை. நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல், தன் சந்தோஷத்துக்காகத் தண்ணீருக்குள் இருக்கிறாள் என்பதில் இருக்கிறது.

நம் ஊர் பெண்ணைத் தண்ணீரிலிருந்து ஒருபோதும் விலக்கி வைக்கவில்லை. குடம் குடமாகச் சுமக்கச் சொன்னது. துவைக்க, கழுவ, வாசல் தெளிக்க, அடுத்தவர் குளிக்க வெந்நீர் விளாவ என்று நாள் முழுக்கக் கை ஈரமாகவே இருக்க வைத்தது. சாகவும் விட்டது. எங்கள் பக்கத்துப் பாழுங்கிணறுகளுக்கு, உள்ளே விழுந்த பெண்ணின் பெயரே அடையாளம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிறுமிகளைக் கிணற்றடியிலிருந்து விரட்டுவார்கள். உழைக்கவும் சாகவும் திறந்திருக்கும் தண்ணீர், விளையாட மட்டும் பூட்டிக்கிடக்கிறது.

தமிழ் படித்தவள் என்பதால் இந்தப் பூட்டின் வயது எனக்குக் கொஞ்சம் தெரியும். சங்கப் பாடல்களில் பெண்கள் நீராடாமல் இல்லை. பரிபாடலில் வையையில் புதுவெள்ளம் வந்தால் மதுரையே ஆற்றில் இறங்குகிறது. நெய்தல் தலைவி தோழியரோடு அலையில் ஆடுகிறாள். ஆனால் அதெல்லாம் கரையோரம். கடலைக் கடப்பது என்று வந்ததும் தொல்காப்பிய அகத்திணையியலின் ஒரு நூற்பா குறுக்கே நிற்கிறது: பெண்ணோடு கடற்பயணம் வழக்கில் இல்லை என்கிறது. அது வழக்கைச் சொல்கிறதே தவிரத் தடை விதிக்கவில்லை என்று எங்கள் ஆசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும், காப்பியத்துக்கு வருவோம். மணிபல்லவம் என்ற சின்னத் தீவுக்கு மணிமேகலை எப்படிப் போனாள்? தூங்கிக்கொண்டிருந்தவளை, அவளிடம் கேட்காமலே, ஒரு தெய்வம் வான்வழியே தூக்கிக்கொண்டு போய் வைத்தது. பின்னால் மந்திரம் பெற்று அவளே பறக்கிறாள். அதே தீவுக்குப் புண்ணியராசன் கப்பலில் வருகிறான். ஆணுக்கு மரக்கலம், பெண்ணுக்கு மந்திரம். ஆதிரை கதை இதைவிட மோசம். கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறி உயிரோடு இருக்கிறான் சாதுவன். அவன் செத்துவிட்டான் என்று கேள்விப்பட்ட ஆதிரை இங்கே தீயில் இறங்குகிறாள். கடலில் விழுந்தவனுக்கு ஒரு மரத்துண்டு, கரையில் இருந்தவளுக்குச் சிதை. தீ அவளைச் சுடவில்லை என்று எழுதியதற்காகச் சாத்தனாரை மன்னிக்க நான் தயாரில்லை.

இலக்கியம் போகட்டும். கற்றுக்கொள்ளத் தண்ணீராவது இருக்கிறதா? வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்து போகிற பாலாறு வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். அந்த மணலுக்கு அடியில் தோல் ஷாப்புகளின் உப்பும் குரோமியமும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிட லாயக்கில்லாமல் போனதை அது பதிவு செய்கிறது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. நிலம் கணக்கில் வந்தது, கிணறு கணக்கில் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் நீந்தக் கற்கும் இடத்தை இழந்தது யாருடைய கணக்கிலும் வந்ததாக நான் பார்த்ததில்லை. ஆறு ஓடிய காலத்தில் மட்டும் பெண்களுக்கு நீச்சல் சொல்லித்தந்தார்களா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொள்ளவாவது தண்ணீர் வேண்டுமே.

வகுப்பில் ஒருநாள், யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டேன். ஒரு கை உயர்ந்தது. ஊர் தூங்கும் மத்தியான வேளையில், தாத்தா கிணற்றில், இடுப்பில் கயிறு கட்டி அண்ணன் சொல்லிக்கொடுத்ததாம், பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு மாணவியின் அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். “எங்கம்மா கடலைப் பார்த்ததே வேளாங்கண்ணி போனப்பதான் மேடம். முட்டிவரைக்கும் இறங்கினாங்க. எங்கப்பா கூப்பிட்டுட்டாரு.” அந்தத் தொழிலாளிகள் தைக்கும் காலணிகள் எத்தனையோ கடல்களைத் தாண்டிப் போகின்றன.

நான் போன தீவு ஹேவ்லாக். 2018-இல் அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையில் பழைய பெயர்தான் புழங்குகிறது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஏறிப் போக வேண்டும். கடற்கரையெங்கும் பலகைகள்: நீச்சல் தெரிய வேண்டியதில்லை. உண்மைதான். முதல் முறை முங்குகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள், பயிற்சியாளர் நம் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார். ஒரு மருத்துவப் படிவம் தருகிறார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, கர்ப்பமா. தந்தை அல்லது கணவர் கையெழுத்து என்று அதில் கட்டமே இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். எனக்கு வாய்த்த பயிற்சியாளர் கேரன் இனத்துப் பையன். 1925-இல் பர்மாவிலிருந்து அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவன். அவன் சொன்ன முதல் விதி: மூச்சை அடக்காதீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அப்பா குரல் கேட்டால், பஸ்ஸில் பின்னால் ஒருவன் நின்றால், துறைக்கூட்டத்தில் பேச வாயெடுத்தால் என்று மூச்சை அடக்கியே பழகிய உடம்புக்கு இந்த விதி புரியவே ஒரு மணி நேரம் ஆனது.

கீழே போகப்போக நிறங்களில் சிவப்பு முதலில் காணாமல் போகிறது. மணிக்கட்டில் கட்டியிருந்த சாமிக்கயிறு பழுப்பாகிவிட்டது. கடற்சாமந்திக்குள் கோமாளி மீன்கள். அந்தக் கூட்டத்தில் தலைமை பெண்ணுக்கு. அவள் செத்தால், அடுத்திருக்கும் ஆண் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வரும். நீமோ படம் எடுத்தவர்கள் இதை ஏனோ விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் ‘துணிச்சலான பெண்களுக்கான பயணம்’ என்று விற்பதுதான் எனக்கு ஒவ்வவில்லை. பணம் கட்டினேன், ஒருவன் பிடித்துக்கொண்டான், பார்த்தேன். மகிழ்ச்சி அது, துணிச்சல் இல்லை. துணிச்சலைப் பார்க்க வேண்டுமானால் அந்தமான் வரை போக வேண்டாம், பாம்பனுக்குப் போங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் எடுக்க முங்கும் பெண்களுக்குச் சிலிண்டர் இல்லை. கண்ணாடி ஒன்று, பாறை கிழிக்காமல் விரலில் சுற்றிய துணி, அடக்கிய மூச்சு. அவர்கள் எடுக்கும் பாசியிலிருந்துதான் அகர் வருகிறது, ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் சேர்மானம் வருகிறது. 1986-இல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனதும் இந்தப் பெண்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்ற கட்டுப்பாட்டைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டவர்களும் அவர்கள்தாம். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கொடுத்தது கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு அமைப்பு. கொரியாவின் ஜெஜு தீவில் இப்படி மூச்சடக்கி முங்கும் ஹேனியோ பெண்களின் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ மனிதகுல மரபாக அறிவித்தது. நம் பாடநூல்களில் முத்துக்குளித்த ஆண்கள் இருக்கிறார்கள். பாசி எடுக்கும் பெண்ணை நான் எந்த நெய்தல் பாடத்திலும் நடத்தியதில்லை, பாடத்திட்டத்தில் அவள் இல்லை. அறிவியல் வந்தும் பெரிதாக மாறிவிடவில்லை. 1970-இல் சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் கடலடியில் தங்கி ஆய்வு செய்தபோது, பத்திரிகைகள் அவர்களுக்கு ‘நீர் அழகிகள்’ என்கிற தோரணையில்தான் பெயர் வைத்தன.

ஆகவே எனக்கு வேண்டியது பெண்களுக்கான சலுகைவிலைச் சுற்றுலா இல்லை. பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பாடமாக வேண்டும். தையலும் கோலமும் போல விருப்பப் பயிற்சியாக அல்ல, எழுத்துப் போல. பெண்கள் நேரம் என்று உச்சி வெயிலை ஒதுக்கித் தரும் பெருந்தன்மையும் வேண்டாம். எங்கள் மாணவிகளும் விளையாட்டுக் கட்டணம் கட்டுகிறவர்கள்தாம் என்று மனு எழுதிக் கொடுத்தேன். “ஏதாவது ஆயிட்டா யார் மேடம் பொறுப்பு?” என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. மணல் அள்ளிய குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கும்போது, நீந்தத் தெரியாத பிள்ளைகள் அதில் போய்விட்டால் யார் பொறுப்பு என்று திருப்பி எழுதியிருக்கிறேன். அடுத்த மனுவில் மாணவிகளின் அம்மாக்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஷூ கம்பெனி வண்டி அவர்களை இறக்கிவிட மாலை ஆறரை ஆகிவிடும் என்பதால், கூட்டம் ஏழு மணிக்கு வைத்திருக்கிறோம்.