சேற்று டயரின் இரண்டாம் பாதி

எங்கள் தெருவில் பத்து வீடு தள்ளி ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது. இரட்டைக் கேபின், உயரமான உடம்பு, நான்கு சக்கரத்திலும் ‘மட் டெரெயின்’ என்று சொல்கிற முரட்டு டயர். காலையில் நூறடி ரோடு, மாலையில் அண்ணா சாலை, ஞாயிறானால் ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை. ஊசுடு ஏரிக்கரை மண்ணில்கூட அது இறங்கியதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வண்டிக்காரரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. புதுச்சேரியில் இப்போது இப்படிப்பட்ட வண்டிகள் பெருகிவிட்டன. கம்பெனி கொடுத்த டயர் புதிதாய் இருக்கும்போதே அதைக் கழற்றி வந்த விலைக்கு விற்றுவிட்டு, சேற்று டயர் மாட்டிக்கொள்வது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அரசுத் துறை ஒன்றில் வாகனப் பிரிவில் பல ஆண்டுகள் டயர் ரெஜிஸ்டர் எழுதியவன் நான். எந்தத் தேதியில் எந்தச் சக்கரத்தில் மாட்டினார்கள், அப்போது மீட்டர் எவ்வளவு காட்டியது, எப்போது இடம் மாற்றினார்கள், எப்போது கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம் உண்டு. 6.00-16 அளவு ஜீப் டயரில் தொடங்கி ரேடியல் டயர் வரை என் கைவழியாகப் போயிருக்கின்றன. டயரை ஓட்டிப் பார்த்து அறிந்தவர்கள் பலர் இருப்பார்கள். அது சாகும்வரை கணக்கு எழுதி அறிந்தவர்கள் குறைவு.

அந்தக் கணக்கு எனக்குச் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேற்று டயர் தன் ஆயுளின் முதல் பாதியில் ஈரத் தார் ரோட்டுக்கு அவ்வளவாக ஆகாது. இரண்டாம் பாதியில் சேற்றுக்கும் ஆகாது, தார் ரோட்டுக்கு இன்னும் ஆகாது. ஊருக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அதை மாட்டுவது காசைக் கொடுத்து ஆபத்தை வாங்குவது.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எங்கள் டிரைவர்கள் டயரின் மேல்தோலில் இருக்கும் கட்டிகளைப் ‘பட்டன்’ என்பார்கள். சாதாரண கார் டயரில் பட்டனின் உயரம் எட்டு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். சேற்று டயரில் பதினான்கு, பதினைந்து வரை போகும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இடைவெளியும் அகலம். சக்கரம் சுழலும்போது பட்டன் சேற்றைக் கவ்வும். இடைவெளியில் ஏறிய சேற்றை வேகம் வெளியே எறியும். அடுத்த சுற்றுக்கு டயர் சுத்தமாக வரும். சேற்றில் அதன் வித்தை இவ்வளவுதான். நல்ல வித்தைதான், மறுக்கவில்லை.

அதே டயர் தாருக்கு வந்தால் கதை வேறு. இடைவெளி அதிகம் என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன் பிரேக் போடும்போது வளைந்து நெளியும். கல்லில் கிழியாமல் இருக்க வேண்டும் என்று ரப்பரையும் அதற்கேற்றபடி முரடாகத்தான் செய்கிறார்கள். ஈரத் தாரைப் பிடித்துக்கொள்ள உதவும் மெல்லிய கீறல்கள் இந்த டயரில் கொஞ்சம்தான். ஆழமான தண்ணீரில் புது சேற்று டயர் தண்ணீரை நன்றாகவே ஒதுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் வண்டி சறுக்குவது பெரும்பாலும் ஆழத் தண்ணீரில் அல்ல. கோடைக்குப் பிறகு விழும் முதல் தூறலில், புழுதியும் ஆயிலும் கலந்து தார்மேல் மெழுகிவிட்டது போல நிற்குமே, அதில்தான். அங்கே வேண்டியது தொடும் ரப்பர். இந்த டயரில் இல்லாததும் அதுதான்.

இது புது டயரின் கதை. விளம்பரமும் நண்பர்களும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மாட்டிய அன்று படம் எடுக்கிறார்கள், மாலை போடாத குறை. இருபதாயிரம் கிலோமீட்டர் கழித்து அதே டயரை யாரும் படம் எடுப்பதில்லை.

அப்போது என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு பட்டனின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே மாதிரி தேயாது. கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாக இருக்கும், எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி உறுத்தும். சத்தம் அங்கிருந்துதான் ஏறுகிறது. பட்டன்களை ஒரே அளவாக வைத்தால் ஒரே சுருதியில் ஊளையிடும் என்பதற்காகத் தயாரிப்பவர்கள் அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வைக்கிறார்கள். ரம்பப் பல் விழுந்துவிட்டால் அந்த ஏற்பாடு வீண். தூரத்தில் வரும்போதே லாரி வருகிறதா, மாவு மில் ஓடுகிறதா என்று தெரியாத ஒரு இரைச்சல். இதைக் கட்டுப்படுத்த ஐயாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்ற வேண்டும். காற்றைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், அலைன்மெண்ட் சரியாக இருக்க வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்?

பட்டன் பாதி தேய்ந்ததும் முக்கியமான மாற்றம் வருகிறது. பள்ளத்தின் ஆழம் குறைந்துவிட்டதால் சேற்றைக் கவ்வவும் முடியாது, எறியவும் முடியாது. களிமண் பள்ளத்தை அடைத்துக்கொண்டு டயர் ஒரு வழவழப்பான உருளையாகிவிடும். பாகூர்ப் பக்கத்து வயல் களியில் இறங்கினால் அப்படியே நிற்கும். மேலாக மட்டும் போட்டிருந்த கீறல்களும் அதற்குள் தேய்ந்து மறைந்திருக்கும். வெயிலில் ரப்பர் இறுகியிருக்கும். ஈர ரோட்டில் முன்னைவிட மோசம். ஆனால் எட்டி நின்று பார்த்தால் இன்னும் ஏழு மில்லிமீட்டர் பட்டன் தெரியும். சாதாரணப் புது டயருக்குச் சமமான ஆழம்! ‘டயர் புத்தம் புதுசா இருக்கே’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இங்கேதான் சட்டமும் கண்ணை மூடிக்கொள்கிறது. நம் விதிப்படி காருக்குக் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர். டயரின் பள்ளத்துக்குள் அந்த உயரத்துக்குச் சின்னத் திட்டு வைத்திருப்பார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் இதற்குப் பெயர் ‘தெம்வேன் த்யுஸூர்’, அதாவது தேய்மானத்தின் சாட்சி. எனக்குப் பிடித்த பெயர். ஆனால் சேற்று டயரைப் பொறுத்தவரை இந்தச் சாட்சி கூண்டில் ஏறுவதற்குள் வழக்கே முடிந்துவிடுகிறது. பதினைந்தில் தொடங்கிய பட்டன் 1.6-க்கு வருவதற்குள் எத்தனை மழைக்காலம் போய்விடும்! அத்தனை நாளும் சட்டப்படி அது நல்ல டயர்.

தேய்வது ஒன்று, வயதாவது இன்னொன்று. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. வாரத்துக்கு ஒருநாள் எடுக்கிற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் மூப்படையும். வண்டியின் முதுகில் தொங்கும் ஸ்டெப்னிக்கு இன்னும் கொடுமை. ஓடாமலே வெயிலில் காய்ந்து வெடிப்பு விடும். ஐந்து வருடம் கடந்தால் ஆண்டுதோறும் சோதித்துப் பாருங்கள், பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. சேற்று டயரின் உயரமான பட்டன் அந்த மூப்பை மறைத்துவிடுகிறது. எண்பது வயதுக்காரர் தலைக்கு மை பூசிக்கொள்வது போல.

எங்கள் துறையில் என்னைவிட மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பட்டன் நிறைய இருக்கும் டயரைக் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பார். மேலே இருப்பவர்கள் ‘இன்னும் ஓடுமே’ என்று திருப்பி அனுப்புவார்கள். அவர் கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திக் காட்டுவார். ‘சார், நகம் இறங்கணும். இறங்கலைன்னா அது ரப்பர் இல்ல, கட்டை. புது டயரைப் பத்தி யார் வேணா பேசலாம், பழைய டயருக்குத்தான் கணக்கு கேக்கணும்’ என்பார். ரெஜிஸ்டரில் ‘கழற்றியதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் நான் ‘ரப்பர் இறுகியது’ என்று எழுத ஆரம்பித்தது அவரால்தான்.

இனி, கேட்கும் சமாதானங்கள். முதல் சமாதானம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, மறுநாள் ஊரே மிதந்தபோது எங்கள் வண்டிதான் போனது என்கிறார்கள். போயிருக்கும். ஆனால் போக வைத்தது வண்டியின் உயரம். தண்ணீருக்கு அடியில் இருந்தது தார் ரோடும் சிமெண்ட் ரோடும்தான். அதே உயர வண்டி கம்பெனி டயரோடும் போயிருக்கும். உண்மையில் தண்ணீர் ஏறிய இடங்களுக்கு ராணுவம் படகு கொண்டுவந்தது.

இரண்டாவது, ‘என் காசு, என் டயர்.’ டயர் உங்களுடையது. ஈரத்தில் உங்கள் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் கூடுதல் தூரத்தில் நிற்பது நாங்கள். என் வயதில் ரோட்டைக் கடக்க இளைஞனைவிட நேரம் பிடிக்கும். இரண்டு டன் எடையுள்ள வண்டி ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்றால் உள்ளே இருப்பவருக்கு ஒரு குலுக்கல். வெளியே இருப்பவருக்கு அதுதான் உயிர். சத்தமும் அப்படியே. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்பவர் நீங்கள். இரவு பதினோரு மணிக்கு அந்த இரைச்சலைக் கேட்பது தெரு.

மூன்றாவது, ‘நீடித்து உழைக்கும்.’ இதற்குக் குமாஸ்தாவின் பதில். ஒரு பேச்சுக்கு நான்கு சேற்று டயர் 80,000 ரூபாய், ஆயுள் 40,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 2 ரூபாய். சாதாரண டயர் நான்கு 48,000 ரூபாய், 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் 80 பைசா. கனமான டயரை உருட்ட ஆகும் கூடுதல் டீசலை நான் சேர்க்கவில்லை. டயர் அளவைப் பெரிதாக்கியிருந்தால் மீட்டரும் பொய் சொல்லும். சுற்றளவு 5 சதவீதம் கூடினால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும். சரி, இந்தச் சேற்று டயர் நிஜமான சேற்றில் மொத்தம் 200 கிலோமீட்டர் போனது என்று தாராளமாகவே வைப்போம். சேற்றில் போன ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 400 ரூபாய். அந்தக் காசுக்கு, மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் டிராக்டர் கூப்பிட்டு இழுத்துக்கொள்ளலாம்.

டிராக்டர் என்றதும் விவசாயி நினைவு வருகிறது. சேற்றுழவுக்கு அவர் இரும்பு கேஜ் வீல் மாட்டுகிறார். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் ஊரே திட்டும். சேற்றுக்கு ஒரு சக்கரம், ரோட்டுக்கு ஒரு சக்கரம் என்பது வயலில் நிற்பவருக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்து மண் பாதையில் தினமும் ஏறி இறங்கிப் பிழைப்பவர் சேற்று டயர் போட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு அது தொழில் கருவி. தேய்ந்தால் முதலில் கவனிப்பவரும் அவர்தான்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, டயரைப் புதிதாக மட்டும் சோதிக்காதீர்கள். பிரான்சின் மிஷ்லேன் கம்பெனி இதைப் பல வருடமாகச் சொல்லி வந்தது. அதற்கும் வியாபார நோக்கம் இருக்கும், ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல், புதிதாக அனுமதி கேட்டு வரும் கார் டயர் வகைகள் தேய்ந்த நிலையிலும் ஈரப் பிடிப்பில் தேற வேண்டும். நாமும் அங்கே வர வேண்டும், பிக்கப் டயர்களையும் சேர்த்து.

இரண்டு, சொந்த வண்டிக்கு முதல் தகுதிச் சான்று முடிந்தால் அடுத்த சோதனை பதினைந்தாம் ஆண்டில்தான். அதுவரை டயரை எந்த அதிகாரியும் குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தாம் ஆண்டிலாவது ஒருமுறை டயரின் வயதையும் ஆழத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

மூன்று, வண்டிக்காரர்களுக்கு. டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வையுங்கள். டயர் மாட்டிய தேதி, மீட்டர், நான்கு இலக்கம், இடம் மாற்றிய நாள். மூன்றே மாதத்தில் அந்த நோட்டு உங்களுக்குக் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். கடைசியாக எப்போது சேற்றில் இறங்கினீர்கள் என்ற கட்டத்தையும் போடுங்கள். அது காலியாகவே இருந்தால், அடுத்த மழைக்கு முன் பழைய டயருக்கே திரும்பிவிடுங்கள்.