கிஸ்தி என்றால் வரி இல்லை சாமி!

செப்டம்பர் 1, பூலித்தேவர் பிறந்தநாள். அன்றைக்கு நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் பக்கம் யார் மைக் பிடித்தாலும் 'கிஸ்தி' வராமல் போகாது. கிஸ்தி என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வரி என்று முழங்குகிறவர்களும் உண்டு. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அந்தச் சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பொருளைக் கொண்டுபோகவில்லை!

கிஸ்தி இங்கிலீஷே கிடையாது. அரபிச் சொல். 'கிஸ்த்' என்றால் பங்கு, நீதி, தவணை. பாரசீகம் பேசிய சர்க்கார் கச்சேரிகள் வழியாக இங்கே வந்தது தவணை என்ற அர்த்தம்தான். இன்றைக்கும் வடக்கே பைக் லோன் வாங்கினவன் மாசாமாசம் கட்டுவது 'கிஸ்த்'. அட, நம்ம இ.எம்.ஐ.தான்!

அப்படியானால் மொத்தத் தொகைக்கு என்ன பெயர்? பேஷ்குஷ். பாரசீகத்தில் 'முன்னால் வைக்கும் காணிக்கை'. பீரங்கியை நிறுத்திக் கேட்பது காணிக்கையாம், அதைப் பிரித்துக் கட்டும் தவணைக்கு நீதி என்றும் பொருள்படும் சொல்லாம். என்ன நக்கல் பாருங்கள்...

சும்மா சொல் சண்டை என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். ஆற்காடு நவாப் முகமது அலி, போர்ச் செலவு வகையில் கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தார். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது நவாப் பேரில் வசூல் பண்ண. கடன் வாங்கினவர் ஒருத்தர், தவணை கட்ட வேண்டியவர் இன்னொருத்தர். ஜாமீன் கையெழுத்துகூடக் கிடையாது!

வரி என்று சொன்னால் கேட்கிறவனுக்கு உரிமை இருப்பதாக ஆகிறது. 'வரி கட்ட மறுத்த வீரர்' என்று பாராட்டுகிறவர், தெரியாமலேயே நவாபுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கிறார். வரி பாக்கி வைத்தவன் டிஃபால்டர். பூலித்தேவர் டிஃபால்டரா என்ன? அடுத்தவன் கடனைத் தலையில் ஏற்ற மறுத்தவர்.

மதுரை நாயக்கருக்குப் பாளையக்காரர்கள் திறை கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தார்கள், சண்டைக்கு ஆளும் அனுப்பினார்கள். ஆனால் நாயக்கர் ஆட்சி 1736-லேயே முடிந்துவிட்டது. அந்த உரிமையை நவாபுக்கு எழுதிக் கொடுத்தது யார்?

1761-ல் யூசுப்கான் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூர்க் கோட்டையையும் பிடித்தார். 1792 ஒப்பந்தத்தில் பாளையங்களின் பேஷ்குஷ் வசூலே கம்பெனி கைக்குப் போய்விட்டது. கடன் கொடுத்தவனே வசூல்காரனும் ஆனான். 1798-ல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைக் கூப்பிட்டனுப்பியது இந்தப் பாக்கிக்குத்தான்.