கூட்டாக எழுதினால் தமிழ் கெடுமா?

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் பெற்றோர் கூட்டத்தில் தமிழாசிரியர் கூகுள் டாக்ஸ் என்று வாயெடுத்தால் போதும். “நாலு பேர் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதினா, பிள்ளைக்கு சொந்தமா என்னங்க வரும்?” என்று கிளம்பிவிடுவார்கள். ஆசிரியர்களிலும் பலர் அந்தக் கட்சிதான்.

எழுத்து தனியாள் வேலை என்பது முதல் வாதம். வேறு ஊரில் சொல்லலாம். பல்லாவரத்தில் சொல்லக் கூடாது. மறைமலையடிகள் 1916இல் இங்கே தொடங்கிய தனித்தமிழ் இயக்கமே, வள்ளலார் பாட்டில் ‘தேகம்’ இருக்குமிடத்தில் ‘யாக்கை’ இருந்திருக்கலாமே என்று மகள் நீலாம்பிகையோடு பேசியதில் முளைத்தது என்றுதான் சொல்வார்கள்.

ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் ஒட்டிக்கொள்வார்கள் என்பது அடுத்தது. சார்ட் பேப்பர் காலத்தில் அப்படித்தான் நடந்தது. கூகுள் டாக்ஸில் யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பதெல்லாம் திருத்த வரலாற்றில் பதிவாகிவிடுகிறது. ஒருத்தி ‘படிக்க சென்றான்’ என்று எழுதுவாள். இன்னொருவன் ‘ச்’ சேர்ப்பான். அதே வேகத்தில் ‘வந்த பையன்’ என்பதையும் ‘வந்தப் பையன்’ ஆக்கிவிடுவான். மூன்றாமவள் அந்தப் ‘ப்’பை நீக்கிவிட்டு, ‘பெயரெச்சம், மிகாது’ என்று ஓரத்தில் குறிப்பாள். நூற்பாவை ஒப்பித்தபோது வராத தெளிவு இந்தச் சண்டையில் வந்துவிடும். மூன்று பேருக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடலாம்.

காப்பி அடிப்பார்களே? அடிப்பார்கள். கோனார் உரையைப் பார்த்து நோட்டை நிரப்பிய தலைமுறைதான் நாமும். ஆனால் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய பத்தி முழுசாக வந்து விழுவது திருத்த வரலாற்றில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பலர் கூடி எழுதும் தமிழ் விக்கிப்பீடியாவில் இன்னும் கறார்: அடுத்தவர் எழுத்தை அப்படியே போட்டால் நீக்கிவிடுவார்கள்.

கையால் எழுதும் பழக்கம் போய்விடுமே என்ற கவலை நியாயமானது, பொதுத்தேர்வு பேனாவில்தான். வாரம் ஒரு கட்டுரையைக் கையால் எழுதவைத்தால் தீர்ந்தது.

வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்பதற்குத்தான் பதில் எளிதல்ல. கொரோனாவில் பார்த்தோமே. ஆகவே இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கவே கூடாது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. மூன்று பேருக்கு ஒரு கணினி கிடைத்தாலும், அவரவர் கணக்கில் மாறி மாறி நுழைந்து எழுதினால் இந்த வேலை நடக்கும். அங்கே தமிழுக்கும் வாரம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள் என்று அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் பெற்றோர் கேட்கட்டும்.